பாட்டியின் பூட்டன் யூனியன் படைவீரர்: மகளைச் சங்கத்தில் சேர்க்க என்ன வழி?

கரூர்ப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே வாஷிங்டன் கவுண்டியில் இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. கணவர் இந்த ஊர்க்காரர். ஒரே மகள், பதினொரு வயது. கேள்வி அவளைப் பற்றித்தான். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெமோரியல் டேக்கு (போரில் இறந்த படைவீரர்களை நினைக்கும் நாள்) முந்தின சனிக்கிழமை மாமியார் எங்களை அவர்கள் குடும்பத்துப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. புல் முழங்கால் வரை. ஓரமாக ஒரு சின்ன வெள்ளைப் பளிங்குக் கல், பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் காலடியில் துருப்பிடித்த ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று நட்டிருந்தது, கொடி செருகுவதற்கு. மாமியார் அந்தக் கல்லைக் காட்டி, "இவர் என் தாத்தாவுடைய அப்பா, கெட்டிஸ்பர்க்கில் சண்டை போட்டவர்" என்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் பக்கம், அதாவது யூனியன் படையில் இருந்தவராம். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். கணவருக்கும் கதை அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது.

எழுத்தெல்லாம் மழையில் கரைந்துபோயிருந்தது. விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டியது. மகள் என் கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, பக்கவாட்டில் நின்று வெயிலைக் கல்லின் மேல் திருப்பினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களாம். நான் வாயடைத்து நின்றேன், ஒவ்வொரு எழுத்தாக நிழல் விழுந்து எழுந்து வந்தது. பெயர் முழுசாகத் தெரிந்தது. அதன் கீழே கம்பெனி எழுத்து (படைப்பிரிவுக்குள் இருக்கும் சிறு குழுவின் எழுத்து), பிறகு 140, பென்சில்வேனியா காலாட்படை. கம்பெனி எழுத்து 'சி'யா 'ஜி'யா என்று மட்டும் எவ்வளவு திருப்பியும் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. அவர் தனக்கு என்ன முறை என்று தமிழில் கேட்டாள். மாமியாருக்குப் பூட்டன், கணவருக்கு ஓட்டன், அதற்கும் மேலே போனால் சேயோன் என்று அம்மாவிடம் போனில் கேட்டுச் சொன்னேன். இப்போது வீட்டில் அவர் பெயரே சேயோன் தாத்தா.

படைவீரர்களின் வாரிசுகளுக்கென்று சங்கம் இருக்கிறது, அவர்கள் கல்லறைகளைப் பராமரிக்கிறார்கள் என்று மாமியார் சொன்னதால் பக்கத்து ஊர் 'சன்ஸ் ஆஃப் யூனியன் வெட்டரன்ஸ்' கேம்ப்புக்கு, அதாவது கிளைக்கு, போன் செய்தேன். பேசியவர் பெரியவர், தன்மையாகத்தான் பேசினார். ஆனால் அது ஆண்களுக்கு மட்டும், பையன் இருந்தால் ஆறு வயதிலிருந்தே ஜூனியராகச் சேர்க்கலாம் என்றார். எனக்குப் பையன் இல்லை. கண்ணாடியைத் திருப்பி அந்தப் பெயரைப் படித்தது இந்தப் பெண்தான். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் சொல்லாமலே இருந்தேன்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, ஊர் நூலகத்தில் இருக்கும் படைப்பிரிவுப் பட்டியலில் அவர் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் 'சி', ஒருவர் 'ஜி'. ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் வி.ஆர்.சி.க்கு மாற்றம், 1864 என்று போட்டிருக்கிறது. மகள் அதைப் பார்த்துவிட்டு "தாத்தா பாதியில் ஓடிப்போய்விட்டாரா?" என்று முகம் வாடிக் கேட்டாள். அது என்ன?

இரண்டாவது, இதை இங்கேதான் கேட்க முடியும். என் மகள் நிறத்தில் என்னைப் போல. அன்றைக்குத் தோட்டத்தில் கொடி நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா அவளைப் பார்த்து, யாரையாவது தேடுகிறாயா, வழி தவறிவிட்டாயா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் இவள் நின்றது இவளுடைய சொந்தத் தாத்தா கல்லறை முன்னால். இப்படிப்பட்ட சங்கங்களில் இவளை எப்படிப் பார்ப்பார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். காகிதம் என்னென்ன வேண்டும் என்பதையும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

ஏரிக்கரை:

வணக்கம் சகோதரி. ஒஹையோவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கிறேன். நான் அந்த 'சன்ஸ்' அமைப்பில் அசோசியேட் உறுப்பினர், ஆறு வருடமாக. என் வம்சத்தில் யூனியன் வீரர் யாரும் கிடையாது. நான் திருநெல்வேலி. வம்சாவளி இல்லாதவர்களையும் அசோசியேட்டாகச் சேர்த்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு கல்லறைக் கற்களைக் கழுவப் போய்ப் போய், அவரே ஒருநாள் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

முதலில் பாப்பாவின் கவலையைத் தீர்த்துவிடுவோம். வி.ஆர்.சி. என்றால் வெட்டரன் ரிசர்வ் கோர். ஓடிப்போனவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். காயம் பட்டோ நோயில் விழுந்தோ, இனி அணிவகுத்து நடக்க முடியாது, ஆனால் காவல் வேலை பார்க்க முடியும் என்ற நிலையில் இருந்தவர்களை வைத்து 1863-இல் தொடங்கிய படை அது. வெளிர் நீல நிறத்தில் சட்டை. மருத்துவமனை, கைதிகள் முகாம், ரயில் பாதை எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் காவல். முதலில் இன்வாலிட் கோர் என்றுதான் பெயர். சுருக்கினால் ஐ.சி. கெட்டுப்போன சரக்கைச் சோதித்துக் கழித்துப்போடும்போது பெட்டிமேல் குத்துகிற முத்திரையும் அதே ஐ.சி.தான். அந்த வீரர்கள் மனம் எவ்வளவு நொந்திருக்கும்! அதனால்தான் 1864-இல் பெயரை மாற்றினார்கள். அதே வருடம் ஜூலையில் எதிரிப்படை வாஷிங்டன் நகரத்தின் வாசலுக்கே வந்தபோது, ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் தடுத்து நின்றவர்களில் இந்தக் காயம்பட்டவர்களும் உண்டு. இதை அவளிடம் அப்படியே சொல்லுங்கள்.

140ஆவது பென்சில்வேனியா என்றால் கோதுமை வயல். கெட்டிஸ்பர்க்கில் இரண்டாம் நாள், 1863 ஜூலை 2, சாயங்காலம். அந்தப் படைப்பிரிவின் கர்னல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் அங்கேதான் விழுந்தார். அதில் பல கம்பெனிகள் உங்கள் கவுண்டியிலேயே திரட்டப்பட்டவை. அதனால் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது ஆச்சரியமே இல்லை. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளாகக்கூட இருக்கலாம்.

இரண்டு பேரில் யார் என்பதைப் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தில் ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள். படைப்பணிப் பதிவு தனி, ஓய்வூதியக் கோப்பு தனி. காசு கொஞ்சம் கூடத்தான், நான் ஒரு நண்பருக்காக வாங்கியபோது 80 டாலர். ஆனால் அதில்தான் உயிர் இருக்கிறது. எங்கே குண்டு பட்டது, எந்தக் கால் நொண்டியது, யார் யார் சாட்சி சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கும். 1898 ஜனவரியில் ஓய்வூதிய அலுவலகம் வீரர்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. ஐந்தே கேள்வி. மனைவியின் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய பெயர், எப்போது எங்கே யார் நடத்திவைத்தார்கள், கடைசியில் உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும். அதை வீரரே கைப்பட நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு தாள்.

மற்றத் தலைமுறைகளுக்கு: பென்சில்வேனியாவில் மாநில அளவில் பிறப்புச் சான்றிதழ் 1906-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் பிறந்தவருக்கு 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவும். குடும்பத் தலைவருக்கு இன்னார் மகன், இன்னார் மகள் என்று முறை எழுதிய முதல் கணக்கெடுப்பு அதுதான். 1890 கணக்கெடுப்பைத் தேடி அலையாதீர்கள், தீ விபத்தோடு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் அதே ஆண்டு யூனியன் வீரர்களையும் விதவைகளையும் மட்டும் தனியாக எடுத்த கணக்கில் பென்சில்வேனியாப் பக்கங்கள் தப்பித்திருக்கின்றன. அதில் கம்பெனி எழுத்தும் இருக்கும்.

அப்புறம் அந்தக் கல். தயவுசெய்து ப்ளீச், இரும்புக் கம்பி பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு தடவிப் படிக்கவும் வேண்டாம். பாப்பா செய்த கண்ணாடி வேலைதான் சரியான முறை, எங்கள் கேம்ப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். கழுவுவதானால் முதலில் நிறையத் தண்ணீர், பிறகு மெத்தென்ற நைலான் பிரஷ், கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும், அப்போதுதான் அழுக்கு வழிந்து கறை விழாது. டி-2 என்று ஒரு திரவம் விற்கிறது, பாசிக்கு அதைத் தெளித்துவிட்டால் போதும், வெயிலும் மழையுமாகச் சில வாரத்தில் தானே வெளுக்கும். ஆனால் விரலில் மாவாக ஒட்டியது என்கிறீர்களே, அப்படி உதிர்கிற கல்லைத் தேய்க்கவே கூடாது. படிக்க முடியாத அளவுக்குப் போய்விட்டால் வெட்டரன்ஸ் துறையே புதுக் கல் இலவசமாகத் தருகிறது, கேடய வடிவம் குழிவாகச் செதுக்கிய அதே பழைய மாதிரியில். நட்டுவைப்பது நம் பொறுப்பு, கல்லறைத் தோட்டத்தின் அனுமதியும் வேண்டும். எங்கள் கவுண்டியில் இதுவரை நான்கு கல் நட்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல். தூக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், எல்லை தாண்டி வருவது எனக்குத் தூரமில்லை.

---

பீச்ட்ரீ:

அட்லாண்டாவில் இருபது வருடமாக இருக்கிறேன். உள்நாட்டுப் போர், வாரிசுகள் சங்கம் என்றாலே எனக்கு ஞாபகம் வருவது அந்தச் சிலைகளும் கொடியும்தான். ஒரு பழுப்புநிறக் குழந்தையை அதில் கொண்டுபோய் விடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். குழந்தைக்கு நம் பக்கத்து வரலாற்றையே முதலில் சொல்லிக்கொடுக்கலாமே. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அக்கறையில்தான் சொல்கிறேன்.

---

சோளக்காட்டு அம்மா:

பீச்ட்ரீ சார், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்வது எதிர்ப்பக்கம், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கான்ஃபெடரசி. சிலைகளை ஊர் ஊராக நிறுவியது 1894-இல் நாஷ்வில்லில் தொடங்கிய யுனைடெட் டாட்டர்ஸ் ஆஃப் தி கான்ஃபெடரசி. கரூர்ப்பொண்ணு கேட்பது யூனியன் பக்கம், லிங்கனின் படை. அந்தப் படையில் கறுப்பின வீரர்கள் மட்டும் ஏறத்தாழ 1,79,000 பேர். அவர்களில் பதினொரு ரெஜிமென்ட் பயிற்சி எடுத்தது பென்சில்வேனியாவிலேயே, பிலடெல்பியா பக்கம் கேம்ப் வில்லியம் பென்னில். அவர்களுடைய பேத்தி, கொள்ளுப்பேத்திகளுக்கும் இந்தச் சங்கங்களில் அதே தகுதிதான்.

தங்கச்சி, நான் இல்லினாய், ஸ்பிரிங்ஃபீல்டு. உன் மகளுக்கான இடம் இருக்கிறது. பெயர் 'டாட்டர்ஸ் ஆஃப் யூனியன் வெட்டரன்ஸ் ஆஃப் தி சிவில் வார்'. 1885 மே மாதம் ஒஹையோவில் மாசில்லன் என்ற ஊரில் சில இளம்பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தது. அப்பாக்கள் இருந்த கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக் சங்கத்துக்குக் கூடமாட உதவி செய்வதற்காகத்தான் தொடங்கினார்கள். அந்த அப்பாக்களின் சங்கம் 1866-இல் எங்கள் மாநிலத்தில் டெக்காட்டூரில் பிறந்தது. 1890 வாக்கில் நான்கு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1868-இல் மே 30 அன்று கல்லறைகளுக்குப் பூ வையுங்கள் என்று அதன் தலைவர் ஜெனரல் லோகன் போட்ட உத்தரவிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய மெமோரியல் டே. கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சன் 1956-இல் மினசோட்டாவில் டுலூத்தில் இறந்தார். அவரோடு அந்தச் சங்கம் முடிந்தது. நீ பார்த்தாயே துருப்பிடித்த நட்சத்திரம், அது அந்தச் சங்கத்தின் அடையாளம். பிள்ளைகளின் சங்கங்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆண்கள் கிளைக்குக் கேம்ப் என்று பெயர் என்றால், பெண்கள் கிளைக்கு டென்ட். கூடாரமேதான். ஒவ்வொரு கூடாரத்துக்கும் அந்தக் காலத்துப் பெண் ஒருத்தியின் பெயர் வைப்பார்கள், போர்க்கள நர்ஸ் மாதிரி. எட்டு வயது முடிந்த நேரடி வாரிசாக இருந்தால் போதும். நேரடி என்றால் பெரியப்பா சித்தப்பா வழி கணக்கில் வராது, மகன் மகள் பேரன் என்று ஒரே கோட்டில் இறங்க வேண்டும். உன் மகளுக்கு அது அப்பா வழியாக நேராக இறங்குகிறது. இதில் அவளுக்குச் சலுகை எதுவும் யாரும் காட்ட வேண்டியதில்லை. அவளுடைய உரிமை.

அவர்களுடைய தலைமையகமும் அருங்காட்சியகமும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. என் மகளும் உன் மகள் மாதிரிதான், என் வீட்டுக்காரர் வழியில் ஒரு இல்லினாய் வீரர். அவளைச் சேர்க்கப் போன அன்றைக்கு எனக்கும் உன் வயிற்றுக் கலக்கம் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், முதல் கூட்டத்தில் ஒரு பாட்டி என்னிடம் வந்து "தத்து எடுத்த பிள்ளையா?" என்று கேட்டார். நான் இல்லையம்மா, நான் பெற்றது என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அதே பாட்டிதான் அடுத்த மெமோரியல் டேக்குத் தன் கையால் தைத்த தொப்பியை என் மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இன்றைக்கும் மாசத்துக்கு ஒரு தடவை போனில் பேசுவார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நான் உறுதி தரமுடியாது. ஆனால் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போ. அந்தத் தவிப்பு அங்கே எல்லோருக்கும் புரியும், ஏனென்றால் ஒவ்வொருத்தரும் தங்கள் காகிதத்தைத் தேடி அலைந்தவர்கள்தான்.

இன்னொன்று, நீயும் சேரலாம். உமன்ஸ் ரிலீஃப் கோர் என்று 1883-இலிருந்து இருக்கிறது. அதற்கு வம்சாவளி தேவையில்லை. நான் அதில்தான் இருக்கிறேன். படைவீரர் மருத்துவமனைக்கு நாங்கள் பின்னித்தரும் கம்பளிக்கு நூல் வாங்குவது என் பொறுப்பு.

---

கரூர்ப்பொண்ணு:

அக்கா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். ஏரிக்கரை அண்ணா, வி.ஆர்.சி. பற்றி நீங்கள் எழுதியதை மகளுக்கு அப்படியே தமிழில் படித்துக் காட்டினேன். ஐ.சி. முத்திரை விஷயம் வந்தபோது அவள் அழுதுவிட்டாள். பிறகு எழுந்து போய்த் தன் நோட்டில் வெளிர் நீலச் சட்டை போட்டு ஒரு ஆளை வரைந்தாள், கையில் கம்பு ஊன்றி.

பீச்ட்ரீ சார், நீங்கள் அக்கறையில் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்து வரலாறு என்றீர்கள். அவளும் அதைத்தான் கேட்டாள், "உன் பக்கம் யாரும் படையில் இல்லையாம்மா?" என்று. என் அம்மாவின் தாத்தா இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்குப் போனவர். திரும்பி வந்து காட்டுவேலை பார்த்துச் செத்தார். என் சின்ன வயதில் அவருடைய இரும்புப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது, மேலே வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். அதில் நாங்கள் நெல் விதை வைத்திருந்தோம். பழைய இரும்புக்காரனுக்கு எப்போது போட்டார்கள் என்றுகூட யாருக்கும் ஞாபகமில்லை. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு நான் அவரையும் தேடியிருப்பேன். ஒரு பக்கத்துத் தாத்தாவைத் தொலைத்துவிட்டேன், இந்தப் பக்கத்துத் தாத்தாவையாவது இவள் தொலைக்கக் கூடாது என்றுதான் இந்தப் பாடு.

கோப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். வந்ததும் எழுதுகிறேன்.

---

குன்னூர் பஸ்:

கரூர் அக்காவுக்கு வணக்கம். என் அப்பா மதராஸ் ரெஜிமென்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் கொள்ளுத்தாத்தா மதராஸ் ரெஜிமென்டாக இருந்தால் வெலிங்டன், சாப்பர்ஸாக (பொறியாளர் படை) இருந்தால் பெங்களூர், அந்தந்த ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள். எண் இல்லாவிட்டாலும் பெயர், அப்பா பெயர், கிராமம், தாலுகா நான்கையும் எழுதுங்கள். அந்தக் காலத்துத் தாலுகா பெயரை எழுத வேண்டும், இப்போதைய மாவட்டப் பெயரை எழுதினால் தேடுகிறவருக்கு உதவாது. பாட்டிக்கு ஓய்வூதியமோ உதவித்தொகையோ எப்போதாவது வந்ததா என்று ஊரில் விசாரியுங்கள், வந்திருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு வரியாவது பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. பெட்டி போனால் போகட்டும், ஊரில் வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

---

கரூர்ப்பொண்ணு (நான்கு மாதம் கழித்து):

கோப்பு வந்துவிட்டது! தொண்ணூறு பக்கத்துக்கு மேல். மேஜை முழுக்கப் பரப்பிவைத்து நானும் மகளும் மாமியாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தோம். மதியச் சாப்பாடு தயிர்சாதமும் ஊறுகாயும்தான், மாமியாரும் அதையே சாப்பிட்டார்.

அவர் கம்பெனி 'சி'. வி.ஆர்.சி.க்குப் போனவரும் அவரேதான். கோதுமை வயலில் இடது தொடையில் குண்டு பட்டிருக்கிறது. மருத்துவர் 1880களில் எழுதிய பரிசோதனைத் தாளில் மனித உருவப் படம் ஒன்று அச்சிட்டு, காயம் இருந்த இடத்தில் பேனாவால் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறார்கள். மகள் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. 1907-இல் வந்த சட்டப்படி 62 வயது ஆனவர்களுக்கு மாதம் 12 டாலர். அதற்கு வயதை நிரூபிக்க வேண்டும் என்று குடும்ப பைபிளில் பிறந்த தேதி எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்து எழுதி, நோட்டரி கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறார்.

ஏரிக்கரை அண்ணா சொன்ன 1898 தாள் அறுபதாம் பக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஐந்தாம் கேள்விக்குப் பதிலாக ஆறு பிள்ளைகள். நான்காவதாக மாமியாரின் தாத்தா பெயர், பிறந்தது 1879. கையெழுத்து நடுங்கித்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தேதியும் தெளிவு. மாமியார் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "இவர் என்னைத் தோளில் தூக்கியிருக்கிறார்" என்றார். நான்காவது பிள்ளையைச் சொன்னார். படைவீரரின் கையெழுத்தில் இருக்கும் அந்தப் பிள்ளை தூக்கிய குழந்தை என் வீட்டு மேஜையில் என்னெதிரே உட்கார்ந்திருந்தது. நூற்றுச் சொச்சம் வருடம் என்று நினைத்தது அன்றைக்குக் கை நீட்டினால் தொடுகிற தூரமாகிவிட்டது.

அடுத்த வாரமே கெட்டிஸ்பர்க் போனோம், காரில் மூன்றரை மணி நேரம். அங்கே பென்சில்வேனியா மாநில நினைவுச்சின்னத்தைச் சுற்றி வெண்கலத் தகடுகளில் அந்தச் சண்டையில் இருந்த பென்சில்வேனியாக்காரர்கள் 34,000 பேருக்கு மேல் பெயர் பதித்திருக்கிறார்கள், படைப்பிரிவு வாரியாக, கம்பெனி வாரியாக. 'சி' என்று தெரிந்திருந்ததால் உடனே கண்டுபிடித்தாள். குளிர்காலம் தொடங்கிவிட்டது, வெண்கலம் பனிக்கட்டி மாதிரி இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு ஆசிரியை, என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். "மை கிராண்ட்ஃபாதர்" என்றாள். அந்த அம்மா அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்தப் பெண் சொல்வதைக் கேளுங்கள் என்றார். என் மகள் கோதுமை வயலிலிருந்து வெளிர் நீலச் சட்டை வரைக்கும் பத்து நிமிடம் சொன்னாள். ஐ.சி. முத்திரையையும் விடவில்லை.

விண்ணப்பம் போய்விட்டது. சான்றுகளாக 1898 தாள், 1880 கணக்கெடுப்பு, மாமியாரின் அப்பாவுடைய 1915 பிறப்புச் சான்றிதழ், மாமியாருடையது, கணவருடையது, கடைசியில் மகளுடையது. அதில் தாயின் பிறந்த இடம் கரூர், இந்தியா என்று இருக்கிறது. அந்தத் தாளையும் அதே வரிசையில் வைத்துக் குண்டூசி குத்தினேன்.

கல்லுக்கும் எழுதிவிட்டோம். ஏரிக்கரை அண்ணா, வசந்த காலத்தில் உங்கள் தோள் வேண்டியிருக்கும். குன்னூர் தம்பி, அம்மா ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தாலுகா பெயர் கிடைத்துவிட்டது.

அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி. மெமோரியல் டே ஊர்வலத்தில் கூடாரத்தோடு நடக்கும்போது பட்டுப்பாவாடை கட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். ஏதாவது விதி உண்டா?

---

சோளக்காட்டு அம்மா:

உங்கள் கூடாரத்துத் தலைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். எங்களிடம் என் மகள் இரண்டு வருடமும் பாவாடைதான், சங்கத்துப் பட்டையை மேலே போட்டுக்கொள்வாள். காலையில் புல் நனைந்திருக்கும், கரையை நாலு விரல் தூக்கித் தைத்துவிடு. செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல். பூ அங்கேயே தருவார்கள், ஆனால் அவள் தாத்தாவுக்கு வைப்பதை நீங்களே வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.